ரஞ்சிதத்துக்கு வலி எடுத்த மத்தியானம்

மருத்துவச்சிகள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால், முதன்முதலாகப் பிரசவம் பார்த்த கதை வராமல் போகாது. அவரவர் கதையைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். என் முறை வரும்போது மட்டும் எனக்குத் திடீரென்று தாகம் எடுக்கும். எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். (போனாலும் விடமாட்டார்கள். பிடித்து இழுத்து உட்காரவைத்து, நான் சொல்லாததையும் சேர்த்து அவர்களே சொல்லிவிடுவார்கள்.) அதைவிட நானே எழுதிவிடுவது மரியாதை.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. முதல் பெரிய யுத்தத்துக்கு இரண்டொரு வருஷம் முன்பு, மலாய்ச் சீமையில். உள்ளூர்ப் பெண்களை மருத்துவச்சி வேலைக்குப் பழக்கப்போகிறார்கள், விருப்பமுள்ளவர்கள் சேரலாம் என்று எங்கள் மாதா கோயில் சாமியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அறிவித்தார். வீட்டுக்கு வருவதற்குள் நான் சேர்ந்தே விட்டேன், மனதுக்குள்.

அப்பா ரயிலடியில் சிக்னல் காட்டுகிறவர். வீட்டிலும் அவர் கையில் எப்போதும் சிவப்புக் கொடிதான்.

"வயசுப் பொண்ணு ஆஸ்பத்திரியிலே போய்க் கிடக்கிறதாவது? நாளைக்கு எவன் கட்டுவான்?"

"அவளே நாலு காசு சம்பாதிச்சா எவனையும் தேட வேணாம், அவனா வருவான்" என்றாள் அம்மா.

கடைசியில் அப்பா ஒரு நிபந்தனையோடு கொடியை இறக்கினார். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரே ஒரு புகார் வந்தாலும் போதும், பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டும். மாப்பிள்ளை தயாராக இருந்தார். பினாங்கில் சாராயக் கடை வைத்திருந்த, என்னைவிட இரண்டு மடங்கு வயதான, மூன்று மடங்கு எடையான ஒருவர்.

பயிற்சி எப்படியென்றால், காலையில் வார்டு, மத்தியானம் வகுப்பு. காலையில் கண்ணால் பார்த்ததை மத்தியானம் கரும்பலகையில் விளக்குவார்கள். மத்தியானம் படித்ததை மறுநாள் காலையில் கையால் செய்ய வேண்டும். இரண்டையும் நடத்தியவர் எங்கள் மேட்ரன். ஆறடி வெள்ளைக்காரி. கஞ்சி போட்ட உடுப்பு அவர் நடந்தால் படபடவென்று சத்தம் போடும், பாய்மரக் கப்பல் வருகிற மாதிரி. வகுப்பில் எலும்புக்கூட்டின் இடுப்பு ஒன்றும், தோலில் தைத்த பொம்மைக் குழந்தை ஒன்றும் இருக்கும். பொம்மையை இடுப்புக்குள் குறுக்கும் நெடுக்குமாகச் செருகிவிட்டு, "எடு" என்பார்.

நான் எடுப்பேன். எப்படிச் செருகினாலும் எடுப்பேன். புத்தகம் முழுக்க எனக்கு மனப்பாடம். வகுப்பில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் வார்டு? முதல் நாள் முதல் பிரசவத்திலேயே மயங்கி விழுந்தேன். வலியில் இருந்த அம்மாவே எழுந்துவந்து என் முகத்தில் தண்ணீர் தெளித்ததாக என்னோடு படித்த ஐரீன் இன்றைக்கும் சொல்லித் திரிகிறாள். சுத்தப் பொய். அந்த அம்மா எழுந்திருக்கவேயில்லை. படுத்தபடியேதான் தெளித்தாள்.

அதற்கப்புறமும் நான் தேறவில்லை. ரத்தத்தைப் பார்த்தால் கை நடுங்கும். வெந்நீர் கொண்டுவா என்றால் கத்தரிக்கோலைக் கொண்டுபோவேன். ஒரு நாள் மேட்ரன் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"திரேசா, உன் தலையில் இருப்பது உன் கைக்கு இறங்க மறுக்கிறது. இந்த மாதக் கடைசி வரை பொறுப்பேன். அப்புறம் உன் அப்பாவுக்குச் சொல்லியனுப்புவேன்."

கண்ணை மூடினால் பினாங்கு தெரிந்தது.

அந்த மாதம் முடிய இன்னும் சில நாள்தான் இருந்தது. வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாசலில் ஒரே கூச்சல். காவல்காரரைத் தள்ளிக்கொண்டு ஓர் ஆள் உள்ளே ஓடிவந்தார். முண்டாசு, முழங்காலுக்கு மேல் மடித்த வேட்டி, முகமெல்லாம் வியர்வையும் கண்ணீரும். பெயர் வேலாயுதம். அவர் பேசியது தமிழ். அந்த அறையில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மேட்ரன் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நோயாளியின் விவரம் கேட்பது எப்படி என்று முந்தின நாள்தான் பாடம் நடந்திருந்தது. நான் முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

"யாருக்கு வலி?"

"ரஞ்சிதத்துக்கு, தாயீ! விடியக்காலையிலே புடிச்ச வலி. ஒரு கால் வெளியே வந்துடுச்சு. அதுக்கு மேலே அசைய மாட்டேங்குது!"

அவர் மேலும் என்னவோ சொல்ல வந்தார். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும் என்று கையமர்த்தினேன். (பாடத்தில் அப்படித்தான் சொல்லியிருந்தது.)

"வயசு என்ன?"

"ஏழு நடக்குது."

பதற்றத்தில் ஆள் இருபதை முழுங்கிவிட்டார் என்று நினைத்தேன். மேட்ரன் பக்கம் திரும்பி, "இருபத்தேழு" என்று மொழிபெயர்த்தேன்.

"இது எத்தனாவது பேறு?"

"மூணாவது."

"முன்னே பொறந்தது ரெண்டும் நல்லா இருக்கா?"

"ஒண்ணு வீட்டுலே இருக்கு. மூத்ததை வித்துட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னது? வித்துட்டீங்களா?"

"ஆம்பளையாப் போச்சு, தாயீ. அதை வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"நீங்கள்லாம் மனுஷங்கதானா?" என்று கத்தினேன். அவர் ஒன்றும் புரியாமல் தலையைக் குனிந்துகொண்டார். மேட்ரன் என்ன என்று கேட்டார். நம் ஜனங்களின் மானத்தை வெள்ளைக்காரியிடம் வாங்குவானேன் என்று, "குழந்தைகள் சுகம்" என்று மட்டும் சொன்னேன்.

வீடுகளுக்குப் போய்ப் பார்க்கும் மூத்த நர்ஸ் அன்றைக்கு ஊரின் மறுகோடியில், கத்தோங் பக்கம் போயிருந்தார். வார்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் வலி. மேட்ரன் ஒரு நிமிஷம் யோசித்தார்.

"நீ முன்னால் போ. கையைக் கழுவு, தாய்க்குத் தைரியம் சொல். ஒன்றையும் தொடாதே. நான் பின்னாலேயே வருகிறேன்."

பையைத் தூக்கிக்கொண்டு ரிக்‌ஷாவில் ஏறினேன். வேலாயுதம் ஏறமாட்டேன் என்று பக்கத்திலேயே ஓடிவந்தார். ஓடுகிற மனுஷனை வழி நெடுகத் திட்டிக்கொண்டே போனேன்.

"மாசமா இருக்கிறப்போ வேலை வாங்கினீங்களா?"

"வேலையெல்லாம் கிடையாது, தாயீ. மத்தியானம் பூரா குளத்துலேதான் கிடக்கும்."

"தண்ணியிலேயா? நாள் முழுக்கவா?"

"வெயில் தாங்காதே, தாயீ."

பெண்டாட்டியை 'அது, இது' என்று பேசும் ஆண்கள் அந்தக் காலத்தில் நிறைய. அதனால் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. கோபம்தான் வந்தது. "இனிமே பிள்ளையை விக்கிற பேச்சு எடுத்தீங்க, போலீஸ்லே சொல்லிடுவேன்" என்றேன். அவர் மூச்சு வாங்க, "விக்கலே, தாயீ. இனிமே சத்தியமா விக்கலே" என்றார்.

சிராங்கூன் ரோட்டிலிருந்து ரிக்‌ஷா பக்கத்துச் சந்துக்குள் திரும்பியது. மாட்டுக் கொட்டகைகளும் பால்காரர் குடிசைகளும் நிறைந்த இடம். கம்போங் கெர்பாவ் என்று மலாய்க்காரர்கள் அதற்குப் பேர் வைத்திருந்தார்கள். எருமைக் கிராமம் என்று அர்த்தம். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

வேலாயுதத்தின் வாசலில் ஐம்பது பேராவது நின்றிருப்பார்கள். நான் வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக இறங்கியதும் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். அந்த மரியாதை என் தலைக்கு ஏறிவிட்டது.

"எல்லாரும் தள்ளுங்க! காத்து வரட்டும்! ஆம்பளைங்க ஒருத்தரும் இங்கே நிக்கக் கூடாது!"

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பின்வாங்கினார்கள். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் முன்னால் வந்தாள். யாரோ சொந்தக்காரி என்று நினைத்தேன்.

"நோயாளி எந்த ரூம்லே?"

"ரூமா? கொட்டகையிலே இருக்கு, கண்ணு."

"கொட்டகையிலேயா போட்டு வச்சிருக்கீங்க, பாவிங்களா!" என்று சீறிக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

வைக்கோல்மேல் ஒரு மலை படுத்திருந்தது. கறுப்பு மலை. கொம்பு வைத்த மலை. என் சத்தம் கேட்டு அது மெள்ளத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது.

"இது யாரு?" என்றேன். (ஆமாம், 'யாரு' என்றுதான் கேட்டேன்.)

"ரஞ்சிதம்" என்றார் வேலாயுதம்.

பையைக் கீழே வைத்தேன். பிறகு பேசினேன். ஆஸ்பத்திரிக்கே கேட்டிருக்கும். "எருமைக்குப் பிரசவம் பார்க்க என்னைக் கூட்டிவந்தியா?"

"மாட்டுக்குப் பார்க்கிற ஆளு கடல் தாண்டி ஜோகூர் போயிட்டான், தாயீ. போன வருஷம் என் சம்சாரத்துக்கு உங்க ஆஸ்பத்திரியிலேதான் பார்த்தீங்க. கொழந்தை எப்படி இருக்கு பாருங்க. நல்லாப் பார்க்கிறவங்க யாருக்கும் நல்லாத்தானே பார்ப்பாங்கன்னு..."

நான் சொந்தக்காரி என்று நினைத்தவள்தான் அவர் மனைவி பொன்னாத்தா. அவள் இடுப்பிலிருந்த குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. அதைத் தொடர்ந்து வாசலில் ஐம்பது பேரும் சிரித்தார்கள். "ஆம்பளைங்க நிக்கக் கூடாதாம்லே! ரஞ்சிதம் வெட்கப்படும்!" என்று ஒருத்தன் கத்தினான்.

ஓடிவிடலாம் என்று திரும்பினேன். ரிக்‌ஷாக்காரன் போய்விட்டிருந்தான். பொன்னாத்தா என் முழங்கையைப் பிடித்தாள். அவள் சிரிக்கவில்லை.

"எங்க வீட்டு அடுப்பு எரியறதே இவளாலேதான், கண்ணு. இவ போயிட்டா நாங்க கப்பலேறி ஊருக்குத் திரும்பறதைத் தவிர வேற வழியில்லே. ஊர்லேயும் எங்களுக்கு ஒண்ணும் இல்லே."

அந்த நேரம் பார்த்து ரஞ்சிதத்துக்கு வலி வந்தது. அது முனகியது. அந்த முனகல் எனக்குத் தெரியும். தினமும் காலையில் வார்டில் கேட்பதுதான். பலம் தீர்ந்துபோய், இனி என்னால் முடியாது என்கிற கட்டத்தில் வருகிற சத்தம். தமிழச்சி, சீனத்தி, மலாய்க்காரி எல்லாருக்கும் ஒரே மாதிரி வரும். எருமைக்கும் அப்படியே வந்தது.

ஒன்றையும் தொடாதே என்று மேட்ரன் சொன்னது உண்மைதான். ஆனால் அது ஒரு மனுஷியைப் பற்றிச் சொன்னது.

"வெந்நீர்" என்றேன். "நிறைய. நல்லெண்ணெய் ஒரு செம்பு."

எதிர்ச் சாயாக்கடை காசிம் பாய் கொதிக்கிற கெண்டியைத் தானே தூக்கிவந்தார். "இந்தா தங்கச்சி, சக்கரை போடலே" என்றார். யாரும் சிரிக்கவில்லை, என் முகத்தைப் பார்த்திருப்பார்கள். கையைத் தோள்வரை கார்பாலிக் சோப்புப் போட்டுக் கழுவி, எண்ணெய் தடவிக்கொண்டேன். குனிந்தபோது தொப்பி கீழே விழுந்தது. பக்கத்தில் கட்டியிருந்த வேறொரு எருமை அதை எடுத்து நிதானமாக மெல்ல ஆரம்பித்தது. அதைப் பார்க்க எனக்கு நேரமில்லை.

வெளியே தெரிந்தது முன்னங்கால் ஒன்று. கையை உள்ளே விட்டேன். மூக்கு தட்டுப்பட்டது. இன்னொரு கால் எங்கே? மத்தியானப் பாடங்களில் பொம்மையின் ஒரு கையை மடக்கி மேட்ரன் எத்தனை முறை செருகியிருப்பார்! அதேதான். இன்னொரு கால் முழங்காலில் மடங்கிப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது. அது நீளாமல் கன்று வராது. இழுத்தால் தாய் கிழிந்துபோகும்.

வலி இல்லாதபோது உள்ளே தள்ளு. இடம் கிடைத்ததும் மடங்கியதை எடு. வலி வரும்போது மட்டும் இழு. புத்தகத்தில் அந்தப் பக்கமே என் கண்முன் வந்து நின்றது. தள்ளினேன். அப்போது அடுத்த வலி வந்தது. ரஞ்சிதம் என் கையை ஒரு நசுக்கு நசுக்கியது. சீமை இரும்பு மெஷினில் கை மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. நான் கத்தினேன். ரஞ்சிதமும் கத்தியது. எங்களில் யாருக்குப் பிரசவம் என்று வாசலில் இருந்தவர்களுக்குக் குழம்பியிருக்கும்.

வார்டில் மேட்ரன் எல்லாத் தாய்மாரிடமும் சொல்லும் மலாய் வார்த்தை என் வாயில் வந்தது. "பெலான், பெலான்" என்று எருமையின் முதுகைத் தட்டினேன். மெள்ள, மெள்ள என்று அர்த்தம்.

"அம்மா, அதுக்குத் தமிழ்தான் தெரியும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"மெள்ள, ரஞ்சிதம். மெள்ள, என் ராசாத்தி."

வலி விட்டது. நான் மறுபடி தள்ளினேன். முழங்கால் கிடைத்தது. அதைத் தடவிக்கொண்டே போய்க் குளம்பைப் பிடித்தேன். அது உள்ளே கீறிவிடாமல் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் கொண்டுவந்தேன். சட்டென்று கால் நீண்டது. அப்போதுதான் கவனித்தேன், என் கை நடுங்கவில்லை. காலை வார்டும் மத்தியான வகுப்பும் அதுவரை எனக்குள் ஒன்றோடொன்று முகம் கொடுத்துப் பேசியதே இல்லை. ஓர் எருமையின் வயிற்றுக்குள் இரண்டும் கைகுலுக்கிக்கொண்டன.

"கயிறு! வேலாயுதம் அண்ணே, இந்தப் பக்கம். காசிம் பாய், நீங்களும் பிடிங்க. நான் சொல்றப்போதான் இழுக்கணும். வலி இல்லாதப்போ இழுத்தா கையை ஒடிப்பேன்!"

கன்றின் கால்களில் நான் கட்டிய கயிற்றைப் பிடித்தார்கள். வலி வந்தது. "இப்போ!" என்றேன். விட்டது. "நிறுத்துங்க!" மறுபடி வந்தது. "இப்போ! கீழ்ப் பக்கமா!" தலை வந்தது, தோள் வந்தது, அப்புறம் மீதியெல்லாம் ஒரே வழுக்காக வந்து என் மடியிலேயே விழுந்தது. கன்று அசையவில்லை.

குழந்தை அழாவிட்டால் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்க வேண்டும். எருமைக்கன்றை நான் தூக்குவதெப்படி? "இதன் பின்னங்காலைத் தூக்குங்க!" என்றேன். வெளியே போகச் சொல்லியிருந்த ஆண்கள் நாலு பேர் ஓடிவந்து தூக்கினார்கள். வாய்க்குள் விரல் விட்டுச் சளியை வழித்தேன். முதுகில் அறைந்தேன். ஒன்றுமில்லை. வைக்கோல் ஒன்றை எடுத்து அதன் மூக்கில் விட்டுத் திருகினேன்.

கன்று தும்மியது. நேராக என் முகத்தில்.

வாசலில் எழுந்த ஆரவாரம் இருக்கிறதே, அதற்கப்புறம் எத்தனையோ பேர் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள், எதுவும் அந்தச் சத்தத்துக்கு ஈடாகாது. நான் பழக்க தோஷத்தில் கன்றைத் துணியால் சுற்றி, நிமிர்ந்து நின்று, பாடத்தில் உள்ளபடி முறையாக அறிவித்தேன்.

"பெண் குழந்தை. தாயும் சேயும் சுகம்."

பொன்னாத்தா என் எண்ணெய்க் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். பொட்டைக் கன்று என்றால் அந்த வீட்டுக்கு இன்னொரு கறவை.

கூட்டம் திடீரென்று விலகியது. படபடவென்று கஞ்சி உடுப்பின் சத்தம். மேட்ரன் வாசலில் நின்றார். பின்னால் ஐரீன், வாயைப் பொத்திக்கொண்டு. மேட்ரன் ரஞ்சிதத்தைப் பார்த்தார். கன்றைப் பார்த்தார். தலைமுதல் கால்வரை சாணியும் ரத்தமுமாக நின்ற என்னைப் பார்த்தார். மூலையில் ஓர் எருமையின் வாயிலிருந்து தொங்கிய என் தொப்பியின் நாடாவையும் பார்த்தார். பினாங்குக் கப்பல் ஊதுவது எனக்குக் காதில் கேட்டது.

"இருபத்தேழு வயது என்று சொன்னாய்" என்றார்.

நான் முகத்திலிருந்த கன்றின் சளியை முழங்கையால் துடைத்தேன்.

"எப்படி வந்தது?"

சொன்னேன். ஒரு கால் மடங்கியிருந்தது, வலி விட்டபோது தள்ளியது, குளம்பைப் பொத்திக் கொண்டுவந்தது, எல்லாம். அவர் முழுவதும் கேட்டார்.

"நஞ்சுக்கொடி விழுந்துவிட்டதா?"

"இன்னும் இல்லை, மேட்ரன்."

"அப்படியானால் வேலை முடியவில்லை. ஏன் என்னோடு பேசிக்கொண்டு நிற்கிறாய்?"

சொல்லிவிட்டு, ஒரு பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். நஞ்சுக்கொடி விழுகிறவரை எழுந்திருக்கவில்லை. காசிம் பாய் கொடுத்த சாயாவை வாங்கிக் குடித்தார். இந்தமுறை பாய் சர்க்கரை போட்டிருந்தார்.

மறுநாள் வகுப்பில் நடந்ததையெல்லாம் கரும்பலகையில் படம் போட்டு விளக்கச் சொன்னார் மேட்ரன். பொம்மைக்குக் கொம்பு வரைந்த ஐரீனுக்கு மட்டும் திட்டு விழுந்தது. முடிவில் மேட்ரன் சொன்னது இவ்வளவுதான்: "இறங்கிவிட்டது." தலையிலிருந்து கைக்கு என்று எனக்குப் புரிந்தது. மாதக் கடைசி வந்தது, போனது. அப்பாவுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் போகவில்லை.

வேலாயுதம்தான் போனார். ஒரு பெரிய பாத்திரம் நிறையச் சீம்பால் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். "உங்க பொண்ணு எங்க வீட்டிலே ரெண்டு உசிரைக் காப்பாத்திச்சு, சாமி" என்றதும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. யாருடைய உயிர் என்று கேட்கத் தோன்றாமல், ஞாயிற்றுக்கிழமைக்குள் கோயிலில் பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டார். முழு விவரம் தெரிந்தபோது பின்வாங்க வழியில்லை. "உயிர்னா உயிர்தானே?" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். பினாங்குக்காரருக்கு அன்றைக்கே பதில் போயிற்று.

வார்டில்தான் கொஞ்ச நாள் கஷ்டம். "எருமைக்குப் பார்த்த கையா எனக்குப் பார்க்கிறது?" என்று ஒரு செட்டிச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் சிராங்கூன் ரோட்டுப் பெண்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். ரஞ்சிதத்தையே பிழைக்க வைத்தவளுக்கு நாம் எம்மாத்திரம் என்றார்கள். நான் பரீட்சை தேறி வெளியே வந்தபோது எனக்குப் பெயர்ப்பலகையே தேவைப்படவில்லை. நடுவழியில் நிறுத்தி, "ரஞ்சிதத்துக்குப் பார்த்த நர்சம்மா நீங்கதானே?" என்பார்கள். ஆமாம் என்பேன். பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவேன். முப்பது வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறேன்.

என் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். பெண் பார்க்க வந்தவர் என் சமையலைப் பற்றியோ பாட்டைப் பற்றியோ கேட்கவில்லை. "அந்தப் பொண்ணா?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா தலையசைத்ததும் சம்மதம் என்றார். அவ்வளவு நல்ல மனுஷர். ஆனால் எங்கள் குடும்பத்தில் எந்தக் குழந்தை பிறந்தாலும், நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து ஆணா பெண்ணா என்று சொன்னதும், நாற்காலியைவிட்டு எழுந்திருக்காமல் ஒரு கேள்வி கேட்பார். மாறாத கேள்வி. அதற்கென்றே காத்திருந்து எல்லாரும் சிரிப்பார்கள்.

எங்கள் மூத்த மகனுக்கு முதல் குழந்தை பிறந்த அன்றும் அப்படித்தான். மருமகளுக்கு நான்தான் பார்த்தேன். கையைக் கழுவிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். மகன் நகத்தைக் கடித்தபடி நின்றான்.

"பெண் குழந்தை. தாயும் சேயும் சுகம்" என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது சரி. கால் எத்தனை?"

நான் வாயைத் திறப்பதற்குள், அறைக்குள்ளிருந்து மருமகளின் குரல் வந்தது. பிள்ளை பெற்ற களைப்பிலும் கணீரென்று கேட்டது.

"ரெண்டுதான், மாமா! நானே எண்ணிட்டேன். வாலும் இல்லே!"